பள்ளிவாசல் கஞ்சி யாருக்கு? கோவளம் கடற்கரையில் ரம்ஜான்

"பிறை தெரிந்துவிட்டதா?"

நோன்பு மாதத்தின் 29-ஆம் நாள் மாலையில் செங்கல்பட்டிலும் கோவளத்திலும் இந்த ஒரே கேள்விதான். கோவளம் கடற்கரை ஊர். ஆனாலும் அன்று யாரும் கடலைப் பார்ப்பதில்லை. பிறை மேற்கே தெரியும். கடல் கிழக்கே இருக்கிறது! எல்லோருடைய கண்ணும் தென்னந்தோப்புக்கு மேலே இருக்கும்.

பிறை தெரிந்தால் மறுநாள் பண்டிகை. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் நோன்பு. சென்னையில் தலைமை காஜி அறிவித்த பிறகே சந்தேகம் தீரும். இதனால் தையல்காரருக்கும் கறிக்கடைக்காரருக்கும் அன்று தூக்கம் கிடையாது. இவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். பண்டிகை முஸ்லிம்களுக்கு; வேலை ஊருக்கே!

பழைய துறைமுகம்

கோவளம் இன்று அமைதியான மீனவ ஊர். ஒரு காலத்தில் இது ஆர்க்காட்டு நவாப்பின் துறைமுகம். நவாப் சாதத்துல்லா கான் பெயரால் இதற்கு 'சாதத் பந்தர்' என்று பெயர் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்டெண்டு கம்பெனியார் வந்து இங்கே வியாபாரம் செய்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் கையில் கோட்டை போயிற்று. 1752-இல் ராபர்ட் கிளைவ் கோவளத்தைப் பிடித்தார். அதே வருஷம் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார்.

துறைமுகம் போயிற்று. பல சாதி, பல மத ஜனங்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். இங்கே கோயில் இருக்கிறது. பழைய கத்தோலிக்க மாதா கோயில் இருக்கிறது. தமீம் அன்சாரி தர்காவும் இருக்கிறது. அவர் நபிகள் நாயகத்தின் தோழர் என்பதும், அவர் உடல் பெட்டியில் மிதந்து இந்தக் கரைக்கு வந்தது என்பதும் மக்களின் நம்பிக்கை. வேண்டுதலோடு வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

முஸ்லிம்களிலும் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. செங்கல்பட்டில் வீட்டில் உருது பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் "ஈத் முபாரக்" என்பார். இன்னொருவர் "பெருநாள் வாழ்த்து" என்பார். ஒரு வீட்டில் பாலில் சேமியாவும் பேரீச்சம்பழமும் போட்ட சீர் குருமா. அடுத்த வீட்டில் பிரியாணியும் தால்சாவும். அண்டை வீட்டுக்காரர்களுக்கு இரண்டும் வரும்!

கஞ்சியின் கதை

தமிழ்நாட்டு ரம்ஜானுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அது நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் போட்டுப் பெரிய தேக்சாவில் காய்ச்சுகிறார்கள். பகல் முழுவதும் காய்ந்த வயிற்றுக்கு இதமானது. மாலையில் பள்ளிவாசல் வாசலில் தூக்குச் சட்டியோடு வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்கும் குழந்தைகளிடம் யாரும் மதம் கேட்பதில்லை.

இந்தக் கஞ்சிக்கு 2001 முதல் தமிழக அரசு அரிசி கொடுக்கிறது. 2020-இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் பச்சரிசி ஒதுக்கப்பட்டது. ஒரு மதத்தாருக்கு மட்டும் ஏன் என்று அந்த வருஷம் வழக்கு வந்தது. உத்தரவில் தலையிட சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கேள்வி கேட்பது தப்பு அல்ல. அரசுப் பணம் எல்லோருடைய பணம். ஆனால் அந்த அரிசி எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் தேக்சாவிலிருந்து அது தெருவுக்கு வருகிறது.

2020-இல் கொரோனாவால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. கஞ்சி காய்ச்ச முடியவில்லை. அரிசியை வீடு வீடாகக் கொடுக்கச் சொன்னது அரசு. மே 25-இல் வந்த பெருநாள் தொழுகையும் வீட்டுக்குள்ளேயே நடந்தது. கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்லவும் வழி இல்லை.

அரசியல் விருந்து

நோன்பு மாதத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. கட்சிகள் இப்தார் விருந்து வைக்கும். தலைவர்கள் குல்லாய் போட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பார்கள். மறுநாள் படம் வரும். அதில் அன்பும் இருக்கலாம். ஓட்டும் இருக்கலாம்!

சென்னை திருவல்லிக்கேணியில் நடப்பது வேறு. அங்கே வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-இல் எழுந்தது. கட்டியது நவாப் முகமது அலி குடும்பம். செங்கல்பட்டுச் சீமையை 1763-இல் ஆங்கிலேயருக்கு ஜாகீராகக் கொடுத்தவர் இதே முகமது அலிதான். அந்தப் பள்ளிவாசலுக்கு நோன்பு மாதத்தில் தினமும் மாலை உணவு வருகிறது. கொண்டுவருகிறவர்கள் மயிலாப்பூர் 'சூபிதார்' அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். அமைப்பை நிறுவியவர் தாதா ரத்தன்சந்த். 1947 பிரிவினையில் சிந்து மாகாணத்தில் வீடு வாசலை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தவர்.

மத கலவரம் ஊரை விட்டே துரத்தியது. அப்படி வந்தவர் கோபத்தை வளர்த்திருக்கலாம். அவரோ முஸ்லிம்களின் நோன்புக்கு விருந்து வைத்தார்! அவர் தொடங்கியது 40 வருஷங்களுக்கு மேலாக நடக்கிறது. தொண்டர்களே பரிமாறுகிறார்கள். சாப்பாடு சைவம்.

நகரும் பண்டிகை

தீபாவளி மழைக்காலத்தை விட்டுப் போகாது. ரம்ஜான் அப்படி அல்ல. பிறைக் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 354 நாள்தான். அதனால் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். 2019-இல் கத்திரி வெயிலில் நோன்பு இருந்தார்கள். 2025-இல் மார்ச் மாதத்தில் வந்தது. அப்போது பிளஸ் 2 பரீட்சை. விடியுமுன் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பரீட்சை எழுதிய பிள்ளைகள் உண்டு. 2030-இல் ஒரே ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலும் நோன்பு தொடங்கும்.

பெருநாள் தொழுகைக்கு முன் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. அது பித்ரா. வீட்டில் தலைக்குச் சுமார் இரண்டரை கிலோ தானியம், அல்லது அதன் விலை, ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். பிறந்த குழந்தைக்கும் கணக்கு உண்டு. பண்டிகை அன்று ஊரில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது இது.

தொழுகை முடிகிறது. பிரியாணி முடிகிறது. புதுச் சட்டையோடு குழந்தைகள் மாமல்லபுரம் பஸ் ஏறுகிறார்கள். கடற்கரைக் கோயில் பக்கம் சுண்டல்காரருக்கும் பலூன்காரருக்கும் அன்று நல்ல வியாபாரம்.