இடக்கண்ணில் சினம்



அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பச்சை அனோல் என்றொரு சிறு பல்லியினம் உண்டு. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்தால், ஆண் அனோல் தலையை ஏற்றி இறக்கும். தொண்டையின் கீழ் மடிந்திருக்கும் இளஞ்சிவப்புத் தோலை விசிறிபோல் விரிக்கும். பல வேளைகளில் இந்தச் சைகையோடு ஒன்று விலகிவிடும். கடியில்லை, காயமில்லை. மனிதரிடம் காணக்கிடையாத நாகரிகம்!

டெக்கல் என்ற ஆய்வாளர் 1995இல் ஒரு விந்தையை வெளியிட்டார். எதிரியை மிரட்டும்போது இவை பெரும்பாலும் இடக்கண்ணாலேயே பார்க்கின்றன. பல்லியின் கண்கள் தலையின் இருபுறமும் உள்ளன. இடக்கண் காண்பது மூளையின் வலப்பாதிக்கே செல்கிறது. நம் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் தடித்த நரம்புப் பாலம் அதற்கில்லை. எனவே, பார்க்கும் கண்ணுக்குரிய பாதி முந்திக்கொள்கிறது. சினம் வலப்பாதியின் பொறுப்புப் போலும்.

பேச்சு மூளையின் இடப்பாதிக்குரியது என்று பிரான்சிய மருத்துவர் புரோக்கா 1865இல் எழுதிய பின், இத்தகைய வேலைப் பிரிவினை மனிதனுக்கு மட்டுமே உண்டென நெடுங்காலம் நம்பினார்கள்.

உங்கள் வளவு வேலியில் தலையாட்டும் ஓணானும் தன்னினத்தோடுதான் பேசுகிறது. கேலி செய்கிறதென்று கல்லெடுக்கும் பிள்ளையை அழைத்து, அது எந்தக் கண்ணால் பார்க்கிறதென்று கவனிக்கச் சொல்லுங்கள்.