கணக்குக் கேட்கும் உரிமை கிராமத்துக்கு. நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு யாருக்கு?

அரசுப் பணம் செலவான விதத்தை மக்களே தணிக்கை செய்யும் நடைமுறை, ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்களிடமிருந்து உருவானது. அங்கு 1990-இல் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பணிப் பதிவேடுகள் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்படும் முறைகேடுகள் இத்தகைய விசாரணைகளில் அம்பலமாகின.

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டதில் இந்த இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தணிக்கை நடைபெற வேண்டும் என 2011-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. 2017-இல் மேகாலயம், நாட்டிலேயே முதன்முறையாக இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பல துறைகளின் திட்டங்களுக்கும் தணிக்கையை விரிவுபடுத்தியது.

எனினும், முறைகேட்டைக் கண்டறிவது கிராம சபை. பணத்தை மீட்பதும் தவறிழைத்தோர் மீது நடவடிக்கை எடுப்பதும் நிர்வாகம். தணிக்கைப் பிரிவுகளுக்கான நிதியும் அரசிடமிருந்தே வருகிறது. அது தாமதமானால் தணிக்கையும் தள்ளிப்போகும். ஊரக வேலைத் திட்டத்தில் பணியாற்றியோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். முறைகேட்டை வெளிப்படுத்தும் பெண், அடுத்த வேலைக்கும் அதே ஊராட்சி அலுவலகத்தையே நாட வேண்டும்.

சாட்சியம் அளிப்போருக்குப் பாதுகாப்பும், தணிக்கை அறிக்கை மீது நடவடிக்கை எடுப்பதற்குக் காலக்கெடுவும் உறுதி செய்யப்படாவிட்டால், சமூகத் தணிக்கை ஆண்டுதோறும் நடைபெறும் சடங்காகவே எஞ்சும்.