செங்கலிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தொலைவு?

எல்லையோரத் தமிழ் குறித்த கள ஆய்வுக்காகச் சில காலமாகச் செங்கலுக்குச் சென்று வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; செங்கல் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்குள்ள முதியோர் சிலர் 'காற்று', 'நேற்று' என்னும் சொற்களில் றகர இரட்டையை நுனியண்ண வெடிப்பொலியாகவே ஒலிக்கின்றனர். தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சுவழக்கில் அது 'காத்து', 'நேத்து' எனப் பல்லொலியாகிவிட்டது.

இது பழைய தமிழொலியின் எச்சமா, மலையாளத் தாக்கமா? மலையாளத்திலும் இதே ஒலி உண்டு என்பதால் செங்கலில் மட்டும் இருந்துகொண்டு விடை காண இயலாது. யாழ்ப்பாணத் தமிழிலும் இவ்வொலி வாழ்கிறது. அங்கே அன்றாட மலையாளத் தொடர்பு இல்லை. கேரளத்திலிருந்து முற்காலத்தில் குடியேற்றம் நிகழ்ந்தது என்ற கருத்தையும் சேர்த்து ஆராய வேண்டும். எப்படி நோக்கினும் ஒப்பீட்டுக்குரிய இடம் யாழ்ப்பாணமே.

அங்குச் செல்லும் வழியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 375 கி.மீ.; சென்னையோ 610 கி.மீ.க்கும் மேல். ஆனால் பலாலிக்கு இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. சென்னை சென்று மாறினால் வான்வழித் தொலைவு மட்டும் 960 கி.மீ.யைத் தாண்டும். கொழும்பு ஒரு மணி நேரப் பறப்புதான். அதன்பின் வடக்கே ஏறத்தாழ 400 கி.மீ. தரைவழி. பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் சேர்ந்தது.

எனினும் பெருந்தடை வானில் இல்லை, கோப்பில் இருக்கிறது. நான் பயிலும் நிறுவனத்தில் சென்னைப் பயணம் 'உள்நாட்டுக் களப்பணி'. ஒரே கையொப்பத்தில் முடிந்தது. யாழ்ப்பாணம் 'வெளிநாட்டுப் பயணம்'. கருத்தரங்க அழைப்பு இன்றி நிதி இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தொண்ணூறு வயது மூதாட்டியிடம் கருத்தரங்க அழைப்பை எங்ஙனம் பெறுவது?

இணையவழிப் பதிவு போதாதா எனச் சிலர் கேட்கின்றனர். காணொளி உரையாடலில் ஒலி சுருக்கப்படுகிறது. பல்லொலியையும் நுனியண்ண ஒலியையும் பிரித்தறிய உதவும் நுண்கூறுகளே அதில் முதலில் சிதையக்கூடும். மேலும், களப்பணி என்பது சொற்பட்டியலை வாசிக்கச் சொல்வதன்று. திண்ணையில் அமர்ந்து இயல்பான பேச்சைக் கேட்பது.

யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்த சுசீந்திரராசா, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டவர். அன்று கடலைக் கடந்து இங்கு வந்த புலமை மரபு, இன்று இங்கிருந்து அங்குச் செல்ல ஏன் தயங்க வேண்டும்?

என் கோரிக்கை எளியது. இலங்கையில் மேற்கொள்ளும் தமிழ்க் கிளைமொழி ஆய்வைக் களப்பணி என ஏற்று, பல்கலைக்கழகங்கள் நிதிவிதிகளைத் திருத்த வேண்டும். விமான அட்டவணை நம் கையில் இல்லை. நிதிவிதி நம் கையில் உள்ளது. செங்கலில் நான் பதிவுசெய்த முதியோருள் இருவர் இவ்வாண்டு காலமாயினர். விதி திருத்தப்படும் வரை அவர்களின் ஒலி காத்திருக்கவில்லை.