பிள்ளை நிற்கிற இடத்தில் நில்லுங்கள்

"அம்மா, அது என்ன?" என்று பிள்ளை மின்கம்பியைக் காட்டுகிறது. "ஏதோ குருவி. நட, வேன் வந்துடும்." நம் தெருக்களில் அன்றாடம் காலையில் நடக்கிற பேச்சு இது. கேட்டது நாலு வயதுப் பிள்ளை. பதில் சொன்னவரோ படித்தவர், பிள்ளைக்கு அறிவு வளர வேண்டும் என்று மாதம் தவறாமல் வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர். பெற்றோரே, இதைக் கண்டிக்கத்தான் எழுதுகிறேன். உங்களில் ஒருத்தியாக, கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அந்தக் கம்பியில் உட்கார்ந்திருந்தது கரிச்சான். மேலெல்லாம் பளபளக்கும் கறுப்பு. வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அரை நிமிடம் நின்றிருந்தால் அது கம்பியிலிருந்து பாய்ந்து, காற்றிலேயே ஒரு பூச்சியைப் பிடித்து, வளைந்து திரும்பி அதே இடத்தில் வந்து உட்கார்வதைப் பிள்ளை பார்த்திருக்கும். கூடு கட்டும் காலமாக இருந்தால், தன்னைப் போலப் பல மடங்கு பெரிய பருந்தை அது விரட்டிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கலாம். அரை நிமிடம்தான். அதற்குள் எந்த வேனும் போய்விடாது.

எங்களுக்கே பெயர் தெரியாதே, என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். தெரியாததை நான் குறை சொல்லவில்லை. சாலிம் அலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் பம்பாயில் பிறந்த அவர் மிகச் சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். பையனின் கையில் பொம்மைத் துப்பாக்கி இருந்தது. சிட்டுக்குருவி சுடுவது அந்தக் காலத்தில் விளையாட்டு. ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் போய் நின்றார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் கையை உதறிவிட்டுப் போகவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்டும் ஒரு சிறுவன்தானே என்று அலட்சியப்படுத்தாமல், அலமாரி இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். 1941இல் வெளிவந்து இந்தியாவையே பறவை பார்க்க வைத்த புத்தகத்தை எழுதியவர் அந்தப் பையன். தன் வாழ்க்கை திரும்பிய இடமாக அவர் கடைசிவரை சொல்லி வந்தது அந்தக் குருவியைத்தான்.

மாமாவுக்குப் பறவையின் பெயர் தெரிந்திருக்கவில்லை, கேள்வியின் மதிப்பு தெரிந்திருந்தது. நமக்கு அதுகூடத் தெரியவில்லை என்பதுதான் என் புகார்.

நம் பிள்ளைகளுக்குப் பெங்குவின் தெரியும், நெருப்புக்கோழி தெரியும், பூநாரை தெரியும். படப் புத்தகத்திலும் கைப்பேசியிலும் காட்டிவிட்டோம். வீட்டுக் கொல்லையில் காய்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டு, கீச்சு கீச்சென்று ஓயாமல் சண்டை பிடிப்பதுபோல் பேசிக்கொண்டு, ஏழெட்டுப் பேராகத் தத்தித் தத்திப் போகும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைக் காட்டினோமா? சாம்பலும் தவிட்டு நிறமும் கலந்த உடம்பு, மஞ்சள் அலகு, வெளிறிய கண். பார்வைக்கு அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பறவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு இதைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு முருங்கை மரத்தடியில் தினமும் வந்து போகிறது, நாமோ விளக்குமாற்றை ஓங்கி விரட்டுகிறோம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், கூட்டம் மேயும்போது ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பது தெரியும். வல்லூறு தலைகாட்டினால் அது கத்த, அத்தனையும் சேர்ந்து கத்தும். கூட்டில் குஞ்சுக்கு ஊட்டும் வேலையைப் பெற்றவை மட்டுமல்லாமல் கூட்டத்தில் உள்ள மற்றவையும் செய்யும். இவ்வளவும் நடப்பது நம் துணி காயும் கொடிக்குக் கீழே.

குயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பாட்டுப் பாடாத வீடு கிடையாது. பிள்ளையிடம் கேட்டால் "கறுப்பு" என்று சொல்லும், நாமும் சரி என்போம். கறுப்பாக இருப்பது ஆண். பெண் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டுக்கும் கண் சிவப்பு. வேனிற்காலத்தில் நாம் மயங்குகிற அந்தக் கூவல் ஆணுடையது. பெண் குயில் கிக்கிக்கிக் என்று கத்திவிட்டுக் கிளைகளுக்குள் மறைந்துகொள்ளும். அது காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பதை ஐந்தாம் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதிவிட்டோம். கோடை முடிந்து ஜூன், ஜூலை வாக்கில் கொஞ்சம் மரத்தை அண்ணாந்து பார்த்தால், காக்கை ஒன்று தன் சாயலே இல்லாத ஒரு குஞ்சுக்கு வாய் நிறைய இரை ஊட்டுவதை நேரிலேயே காணலாம். அதைக் காட்டாமல் பாடத்தை மட்டும் ஒப்பிக்க வைக்கிறோமே, என்ன நியாயம்? காக்கையிலும் நம் ஊரில் இரண்டு உண்டு. கழுத்து சாம்பலாக இருப்பது ஒன்று, முழுக் கறுப்பாகத் தடித்த அலகோடு இருக்கும் அண்டங்காக்கை இன்னொன்று. அமாவாசைக்கு அமாவாசை சோறு வைக்கிறவர்கள், சாப்பிட வந்தது எது என்று பிள்ளையோடு ஒரு முறை நின்று பாருங்கள்.

அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை. முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? பிறகு அலகு: பூச்சி பிடிக்கிற மெல்லிய அலகா, தானியம் உடைக்கிற குட்டை அலகா, தேன் உறிஞ்சுகிற வளைந்த அலகா? வால் எப்படி, எங்கே உட்கார்கிறது, என்ன செய்கிறது? நிறத்தைக் கடைசியில் பாருங்கள், வெயில் நிறத்தை ஏமாற்றிவிடும். தலையில் விசிறி போலக் கொண்டை இருக்கிறதே என்று கொண்டலாத்தியை மரங்கொத்தி என்று சொல்லிக்கொடுக்கும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். மரங்கொத்தி மரத்தண்டில் நிமிர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கொண்டலாத்தி பெரும்பாலும் தரையில் நடந்து புல்லைக் குத்தும். அது என்ன செய்கிறது என்று கேட்டிருந்தாலே இந்தக் குழப்பம் வந்திருக்காது. மீன்கொத்தி என்றால் தண்ணீரில்தான் இருக்கும் என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். வெண்மார்பு மீன்கொத்தி குளமே இல்லாத தெருவின் மதில்மேல் உட்கார்ந்து வெட்டுக்கிளியும் ஓணானும் பிடிக்கும்.

பிள்ளை பார்த்து முடிக்கும்வரை கைப்பேசியைப் பையில் வையுங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பிள்ளை பார்த்து, யோசித்து, ஒரு பழைய நோட்டில் கோணல்மாணலாக வரைந்து, இதுவா அதுவா என்று தடுமாறிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். அதைவிட மேல், ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட "பறவைகள்: அறிமுகக் கையேடு" போன்ற ஒரு தமிழ்ப் புத்தகத்தை வாங்கி வையுங்கள். பக்கத்தைப் புரட்டித் தேடும்போது பிள்ளை, தேடிய பறவையோடு பக்கத்துப் பறவையையும் பார்த்துவிடும். விலையுயர்ந்த பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம். அதை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும்.

இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியவை உண்டு. பிள்ளை ஆசைப்பட்டது என்று பச்சைக்கிளியைக் கூண்டோடு வாங்கி வருகிறீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை விற்பதும் வளர்ப்பதும் குற்றம். அந்தக் கிளி மரப்பொந்துக் கூட்டிலிருந்து குஞ்சாகத் திருடப்பட்டது. பிள்ளைக்கு அன்பு கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துத் திருட்டுப் பொருளை வாங்குகிறோம்.

தரையில் தத்தும் குஞ்சைக் கண்டதும் அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குள் எடுத்துவருவதும் அப்படித்தான். இறகு முளைத்து, வால் குட்டையாக, பறக்கத் தெரியாமல் இருக்கும் குஞ்சு அநாதை இல்லை. தாயும் தந்தையும் பக்கத்து மரத்தில் இரையோடு நாம் நகர்வதற்காகக் காத்திருக்கும். பூனையும் நாயும் எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். நாம் போய் நின்ற இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும்.

கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று பிள்ளையின் காதைப் பொத்துகிறவர்களையும் விடமாட்டேன். இரவெல்லாம் எலி பிடித்து வயலையும் வீட்டையும் காக்கிற பறவை அது. நம் பயத்தைக் கேட்டு வளரும் பிள்ளை நாளை அதன்மேல் கல்லெறியும்.

வருடத்துக்கு ஒரு முறை வேடந்தாங்கலுக்குப் போகிறோமே என்பீர்கள். நல்லது. ஆனால் அங்கே போய்ச் சத்தமாகப் பேசி, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, நத்தைக்குத்தி நாரையா கூழைக்கடாவா என்றுகூடப் பார்க்காமல் படம் எடுத்துத் திரும்பினால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு வைத்திருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலத்தான், மத்தாப்புக்கும் வெடிக்கும் ஏங்குகிற வயது. பெரியவர்கள் ஏன் என்று சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆறரை மணிக்குப் பக்கத்து ஏரிக்கரைக்குப் போங்கள். அந்த நேரத்துக்கு வைத்திருக்கும் டியூஷனை மாற்றச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை போனால் வடக்கிலிருந்து வலசை வந்த வாலாட்டிகளும் தகைவிலான்களும் வாத்துகளும் இருக்கும். ஏரி இல்லையென்றால் தெருவில் மூன்று வேப்பமரம் போதும். நீங்கள் முன்னால் நடக்காதீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள், எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம். பட்டியலை நீட்டச் சொல்லித் துரத்தாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை முப்பது பார்த்தது என்று ஒப்பிடாதீர்கள். அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் இல்லை, முன் அனுபவம் வேண்டாம். வீட்டு மாடியோ வயல் வரப்போ, ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, ஈபேர்டு தளத்தில் பதிய வேண்டும். எண்ணுவது பிள்ளையின் வேலை, எழுதுவது உங்கள் வேலை. பெயர் தெரியாத பறவை வந்தால் ஊகித்து எழுதாதீர்கள். அதன் அளவையும் அலகையும் நோட்டில் குறித்துவைத்து, தெரிந்தவரிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும்.