சமையலறைப் பக்கம்: ஜப்பானியர் பிடிக்கும் சோறு



சோறு என்றால் தட்டும் குழம்பும் வேண்டும் என்பது நம் வழக்கம். ஜப்பானியருக்கோ அவை இரண்டும் இல்லாமலும் சோறு உண்டு. உப்புத் தொட்ட கையால் சோற்றைப் பிடித்து, நடுவில் ஏதேனும் ஒரு கறியை மறைத்துக் கடித்து உண்பார்கள். இதற்கு ‘ஓனிகிரி’ என்று பெயர். ‘நிகிரு’ என்றால் கையால் பிடித்தல். நம் பிடிகொழுக்கட்டையைப் போல, பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

இது நேற்று வந்த பண்டமன்று. 1987ஆம் ஆண்டு, ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழைமையான, கரியாகிப்போன சோற்றுக் கட்டி ஒன்று அகழ்வில் கிடைத்தது.

சூசிச் சோற்றில் வினிகர் கலப்பார்கள்; இதில் உப்பு மட்டுமே. அரிசிதான் முக்கியம். பாஸ்மதி உதிர்ந்துவிடும். பூலுட் அரிசி பசையாகிவிடும். பேரங்காடிகளில் கிடைக்கும் குட்டையான ஜப்பானிய அரிசியையே வாங்குங்கள்.

தேவையானவை (6 உருண்டைகளுக்கு):
ஜப்பானிய அரிசி 300 கிராம்
உப்பு சிறிதளவு
‘நோரி’ எனும் கடற்பாசித் தாள் 2
உள்ளே வைக்க, ஈரமற்ற கறி 6 தேக்கரண்டி

செய்முறை:
அரிசியை மூன்று நான்கு முறை மென்மையாகக் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். களையும் முன் அரிசியை அளந்த கிண்ணத்தாலேயே, கிண்ணத்துக்குக் கிண்ணமும் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் நீர் விட்டு வேகவையுங்கள். வெந்தபின் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

சோறு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும், ஆறினால் ஒட்டாது. கையை நனைத்து, உப்பைத் தடவி, ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்துக் குழித்து, கறியை வைத்து மூடுங்கள். இடக்கையைத் தொட்டில் போலவும் வலக்கையைக் கூரை போலவும் வளைத்து, திருப்பித் திருப்பி மூன்று நான்கு முறை அழுத்தினால் முக்கோணம் வந்துவிடும். கொழுக்கட்டை மாவைப்போல் இறுக்கக் கூடாது. வெளியே கட்டாகவும் உள்ளே பொலபொலவென்றும் இருப்பதே பக்குவம். நோரித் தாளை மூன்றாக நறுக்கி, உண்ணும் நேரத்தில் சுற்றுங்கள், மொறுமொறுப்பாக இருக்கும்.

ஜப்பானியர் உள்ளே சுட்ட சால்மன் மீனையோ, ‘உமெபோஷி’ எனும் உப்பில் ஊறிய புளிப்புக் கனியையோ வைப்பார்கள். நாம் நன்றாகச் சுண்டிய நெத்திலிச் சம்பலை வைக்கலாம். சைவர்களுக்கு எள்ளும் உப்பும் போதும்.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். கையில் புண் இருந்தால் வேறு கிருமியும் சேரும். இந்த நஞ்சுகள் முகர்ந்தால் தெரியா. மறுபடி சூடாக்கினாலும் போகா. உமெபோஷியின் உப்பும் புளிப்பும்கூடத் தன்னைச் சுற்றியுள்ள சோற்றை மட்டுமே காக்கும்.

ஆகவே, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காயம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல், சுத்தமான நெகிழித்தாளில் வைத்துப் பிடியுங்கள். 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரமும், மற்ற நேரத்தில் இரண்டு மணி நேரமும்தான் வெளியில் வைக்கலாம். காலை ஆறு மணிக்குப் பிடித்ததைப் பிள்ளை பத்து மணி இடைவேளையில் உண்பதானால், விரைவில் ஆறவைத்து, ஐஸ் கட்டி வைத்த குளிர்ப்பையில் கொடுத்தனுப்புங்கள். சோறு சற்று இறுகும். வயிறு கெடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

குளிர்ப்பை இல்லாத வீடுகளில், விடுமுறை நாளில் பிள்ளைகளையும் உடன் அமர்த்திப் பிடித்து, சூட்டோடு உண்ணுங்கள். தாமே பிடித்த சோற்றைப் பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை.