ஆருடைய சீனி வருத்தம் மாறினது?

போன கிழமை மாமி போனைக் காட்டி, "இனி இந்த ஊசியை நிப்பாட்டலாம்தானே?" எண்டு கேட்டா. "சீனி வருத்தத்துக்கு முடிவு கட்டியாச்சு" எண்டு ஒரு செய்தி. அனுப்பினது படிச்ச பெடியன் ஒருத்தன்தான். அதுதான் கோபம்.

ஆய்வு பொய்யில்லை. ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன், கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு முதலாம் வகை நீரிழிவு வந்தபிறகு, தவளை ஆராய்ச்சியைக் கைவிட்டு இதற்குள் இறங்கியவர். 2014இல் அவருடைய குழு ஸ்டெம் செல்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டியது. அந்த வழியில் வந்த சிகிச்சையின் முடிவுகள் 2025இல் வெளியாகின. முழு அளவு கலங்களைப் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்தின் பின் இன்சுலின் தேவைப்படவில்லை. பெரிய விசயம்தான், ஆர் இல்லையெண்டது?

ஆனால் செய்தியை முழுசாச் சொல்லுங்கோவன். அந்தக் கலங்கள் இன்னொருவருடையவை. உடம்பு அவற்றை அழிக்காமலிருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை ஒவ்வொரு நாளும் எடுக்கவேணும். ஊசியைக் குடுத்து வேறொரு மருந்தை வாங்குகிற பண்டமாற்று இது. அந்த ஆய்வில் இருந்த ஒருவர் பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சலில் இறந்தார். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பைத்தான் அந்தத் தொற்று தேடிப் பிடிக்கும். அதனால்தான் எல்லாரையும் சேர்க்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குகிற முதலாம் வகை நோயாளர் மட்டும்தான். அவர்களுக்கு இந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் இருக்கு.

மாமிக்கு இருக்கிறது இரண்டாம் வகை. எங்கட ஊரில் கனக்க வீடுகளில் இருக்கிறதும் அதுதான். சுரக்கிற இன்சுலினுக்கு உடம்பு சரியாப் பணியாததில் தொடங்குற வருத்தம் அது. இந்த ஆய்வு அவவைப் பற்றியதே இல்லை. ஆனால் ஊசியை விட்டால் விளைவு அவவுக்குத்தான், பகிர்ந்த பெடியனுக்கில்லை.

பகிரத்தான் வேணுமெண்டால் சுவீடன் செய்தியைப் பகிருங்கோ. அங்கே ஒருவருக்கு, எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய கொடையாளர் கலங்களை வைத்தார்கள். அடக்கும் மருந்து எதுவுமில்லாமலே அவை உயிரோடிருந்து இன்சுலின் சுரந்தன. சிறிய அளவுதான், அவர் ஊசியை இன்னும் விடவில்லை. அதனாலோ என்னவோ, அந்தச் செய்தியை எனக்கு ஒருத்தரும் அனுப்பேல்லை.