ஒன்பது வாரக் கருவும் ஸ்கேன் நிபந்தனையும்

‘முதலில் ஸ்கேன் எடுத்து வா.’ கருக்கலைப்பு மாத்திரை கேட்டுச் சென்ற பெண்கள் தங்களுக்குக் கிடைத்ததாகச் சொல்லும் இந்தப் பதிலை, பொம்மிடியைச் சுற்றியுள்ள காலனிகளில் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். (‘வா’ என்னும் ஒருமையையும் வாசகர் கவனிக்க.) ஸ்கேனுக்கு ஒரு நாள் கூலி போகும். காத்திருப்போர் வரிசையில் ஊரார் கண்ணில் படவும் நேரும். மிகத் தொடக்கத்திலேயே சென்றால் கரு படத்தில் தெரியாது. ஒரு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள். மாத்திரைக்குச் சட்டம் தரும் காலமோ ஒன்பது வாரம்தான்.

அந்த ஒன்பது வாரத்தை வகுத்தவை 2021 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்திலோ அவ்விதிகளிலோ ஸ்கேன் கட்டாயம் என்ற சொல் இல்லை. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதலும், இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும் போதும். கடைசி மாதவிடாய்த் தேதியையும் உடல் பரிசோதனையையும் கொண்டு கருவின் வயதைக் கணிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டியும் ஸ்கேனை முன்நிபந்தனையாக்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது.

ஸ்கேனே வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். தேதி நினைவில்லாதவர்க்கும், கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழும்போதும் அது உயிர்காக்கும் கருவி. அப்போது அதை அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் தாமதமின்றியும் செய்து தர வேண்டும்.

தருமபுரியில் இந்தத் தயக்கத்துக்கு வேறொரு வேரும் உண்டு. பெண்சிசுக்கொலையால் பெயர் கெட்ட மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் விரிவுபடுத்தப்பட்டது. கருவின் பாலினத்தைச் சட்டவிரோதமாகக் கண்டு சொன்ன கும்பல்கள் அண்மை ஆண்டுகளிலும் பிடிபட்டன. அதனால் கருக்கலைப்பு கேட்கும் எவரையும் குற்றவாளியாகப் பார்க்கும் மனநிலை வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் பாலினம் தெரியாது! பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வேறு, கருக்கலைப்புச் சட்டம் வேறு. முன்னதன் அச்சத்தைக் காட்டிப் பின்னதன் உரிமையை மறுக்க இயலாது.

2022 செப்டம்பர் 29 அன்று, நீதியரசர் சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கலாகாது என்றது. அது சுட்டியவை குடும்பத்தாரின் ஒப்புதல், ஆவணச் சான்று போன்றவை. மருத்துவத் தேவையின்றிக் கேட்கப்படும் ஸ்கேனுக்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்கிறோம்.

மாத்திரை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேதி குறித்த அந்தத் தாள்தான் வழக்குக்கு முதல் ஆவணம்.